துலுக்காத கிடா

"எங்க வீட்டுப் பொண்ணுக்கு ஜென்மப் பாவம்னு சொல்ல நீங்க யாரு டீச்சர்?"

"உங்க பொண்ணுக்குன்னு நான் எங்க சொன்னேன் சம்பந்தி? பொறக்கப்போற பிள்ளைக்குன்னுதானே சொன்னேன்."

"கல்யாணமே ஆவல. அதுக்குள்ள பொறக்காத பிள்ளை தலையில பாவத்தைத் தூக்கி வச்சிட்டீங்க. இனிமே சம்பந்தின்னு கூப்பிடாதீங்க."

கிள்ளானில் பக்தவத்சலம் வீட்டு வரவேற்பறை. மேசை மேல் வெற்றிலைத் தட்டு இருந்தது, பாதி காலியான கேசரிக் கிண்ணம் இருந்தது, கல்யாணத் தேதி பார்க்க எடுத்த காலண்டர் குப்புறக் கிடந்தது. மாப்பிள்ளை ஜெரோம் கைப்பேசியில் எதையோ தேடுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டான். பெண் சிந்து சமையலறை வாசலில் நின்று அவனை முறைத்தாள். பெண்ணின் அப்பா பக்தவத்சலத்துக்குப் பக்கத்து ஊரான மேருவில் லோரி யார்டு. இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு டிரைவர்களைக் கூப்பிட்டே வளர்ந்த தொண்டை. எதிர்வீட்டுச் சீனப் பெரியவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு வேலியோரம் வந்து நின்றார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் குழம்பியிருப்பார்.

ஜெரோமின் அம்மா பிலோமினா டீச்சர் மட்டும் சோபாவின் நுனியில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தும் பழக்கம் அவருக்கு இல்லை. சரியாகச் சொல்கிறவர்களுக்கு அது தேவையில்லை என்பது அவருடைய கொள்கை.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் அல்ல. பிரிக்பீல்ட்ஸில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு தேவாலயத்தின் பின்கட்டில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்துகிறவர். அந்த வட்டாரத்துக் கத்தோலிக்கப் பிள்ளைகளில் பாதிப்பேர் பத்துக் கட்டளைகளையும் அவர் கைப் பிரம்பையும் ஒன்றாகவே கற்றவர்கள். அவர் குடியிருக்கும் அடுக்குமாடியில் லிஃப்டுக்குள் யாராவது "எல்லாம் தலைவிதி" என்று பெருமூச்சு விட்டால் போதும், ஆறாம் மாடி வருவதற்குள் விதி வேறு, தேவசித்தம் வேறு என்று பிரித்துக் கையில் கொடுத்துவிடுவார். அதனால் சிலர் படியேறிப் போவதும் உண்டு. இதய டாக்டர் சொன்னார் என்று காரணம் சொல்லிக்கொள்வார்கள்.

அன்றைக்கும் அதுதான் நடந்தது. எல்லாம் பேசி முடிந்திருந்தது. காலையில் முருகன் கோயிலில் தாலி, மாலையில் தேவாலயத்தில் மோதிரம், யாரும் மதம் மாற வேண்டாம், சாப்பாடு மட்டும் கிள்ளான் பக்கம். இவ்வளவு சுமுகமாகப் போன பேச்சில், பக்தவத்சலத்தின் அக்கா பஞ்சவர்ணம், மனைவி இல்லாத அந்த வீட்டை நடத்துகிறவர், வாய் சும்மா இல்லாமல் ஒரு கேள்வி கேட்டார். "பிள்ளை பொறந்தா தலையில தண்ணி ஊத்துவீங்களாமே. எதுக்கு டீச்சர், நம்ம மொட்டை போடற மாதிரியா?"

வேறு ஆளாயிருந்தால் "ஆமாக்கா, அது மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி கேசரி போட்டுக்கொண்டிருப்பார்கள். டீச்சரிடம் ஒரு கேள்வி வந்தால் அது பதிலோடுதான் திரும்பிப்போகும்.

"ஜென்மப் பாவம் போறதுக்கு," என்றார்.

"பச்சைப் பிள்ளைக்கு என்ன பாவம்?" என்றார் பஞ்சவர்ணம்.

"அது செய்த பாவம் இல்லக்கா. வழிவழியா வர்றது. ஆதிப் பெற்றோர் செய்தது."

பக்தவத்சலம் மெதுவாக நிமிர்ந்தார். "ஆதிப் பெற்றோர்னா?"

"முதல்ல வந்தவங்க. அவங்ககிட்டேருந்துதான் எல்லாருக்கும் வருது. தாய் தகப்பன் மூலமா இறங்கும்."

டீச்சருடைய மனத்தில் இருந்தது பழத்தோட்டம், முதல் மனுஷன், முதல் மனுஷி. பக்தவத்சலத்தின் மனத்தில் வந்து நின்றவர்களோ அவருடைய தாத்தாவும் பாட்டியும். முதலில் வந்தவர்கள் என்றால் அவருக்கு அவர்கள்தான். ஊரிலிருந்து கப்பலில் வந்து மேரு பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் மரம் சீவி, பால் வாளி தூக்கிச் செத்தவர்கள்.

"எங்க தாத்தா பாட்டி என்ன பாவம் பண்ணாங்க?" என்று அவர் எழுந்தார். "காலங்காத்தால எழுந்து பால் வெட்டுனதைத் தவிர?" மிச்சம் எதிர்வீட்டுச் சீனருக்கே தெரியும்.

சண்டையின் நடுவில் ஒரு தட்டு நழுவும் சத்தம் கேட்டது. டீ கொண்டுவந்த மூத்த மகள் லோகேஸ்வரி, தட்டை மேசையில் வைக்காமல் அப்படியே திரும்பி உள்ளே போனாள். டீச்சர் அதைக் கவனித்தார். டீ வரவில்லையே என்றுதான் அப்போது நினைத்தார்.

திரும்பி வரும்போது காரில் டீச்சர்தான் பேசினார். ஜெரோம் ஓட்டினான். டீச்சருடைய கணவர் ராயப்பன் பின்சீட்டில். ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்ற அவர், வண்டி தண்டவாளத்தில் போகும்போது நடுவில் பேசக்கூடாது என்ற ஒழுக்கத்தை வீட்டிலும் கடைப்பிடிப்பவர்.

"நான் சொன்னதில ஒரு எழுத்து தப்பு இருந்தா சொல்லு," என்றார் டீச்சர்.

"தப்பே இல்லம்மா. அதுதான் பிரச்னை." ஜெரோம் சுபாங் ஜெயா டோல் தாண்டும்வரை பொறுத்திருந்தான். "லோகாக்கா தெரியும்ல?"

"டீயை எடுத்துக்கிட்டு உள்ள போன பொண்ணு."

"அவங்க வீட்டுக்காரர் மோட்டார் எக்ஸிடெண்ட்ல போயிட்டாரு. காரியம் முடிஞ்ச கையோட மாமியார் வீட்டில பையைக் கட்டி வாசல்ல வச்சிட்டாங்க. 'உன் ஜென்மப் பாவந்தான் எங்க பையனைக் கொண்டுபோச்சு'ன்னு சொல்லி. இதே வார்த்தைம்மா."

டீச்சர் உடனே திருத்தினார். "அவங்க சொன்னது முன் ஜென்மப் பாவம். நான் சொன்னது ஜென்மப் பாவம். ரெண்டும் வேற வேற."

"அந்த 'முன்'னை வச்சுக்கிட்டு நான் எந்தப் பொண்ணைக் கட்டறது?"

பின்சீட்டிலிருந்து ராயப்பன், "ம்," என்றார். அது யாருக்குச் சாதகம் என்று கடைசிவரை தெரியவில்லை.

அந்த வாரம் பங்குச்சாமியாரிடம் போனார் டீச்சர். ஆலோசனை கேட்க அல்ல. தாம் சொன்னது சரி என்று அவர் வாயால் கேட்க. பாதர் இளைஞர், டீச்சரிடம் மறைக்கல்வி படித்த பையன்தான். சொல்லவும் செய்தார்.

"டீச்சர், நீங்க சொன்னதில குறையே இல்ல. ஆனா ஒண்ணு யோசிங்க. ஜென்மம்ங்கிற சொல்லும் பாவம்ங்கிற சொல்லும் நம்ம செஞ்சது இல்ல. அவங்க வீட்டுப் பாத்திரத்தைக் கேட்டு வாங்கி, அதில நம்ம சாம்பாரை ஊத்தி வச்சிருக்கோம். அவங்க வீட்டுக்கே கொண்டுபோய்த் திறந்து காட்டினா, பழைய குழம்பு வாசனைதான் அவங்களுக்கு முதல்ல வரும்."

"சரி. அப்ப நான் போய் விளக்கிச் சொல்லிட்டு வரேன்."

"வேணாம் டீச்சர். விளக்கம் சொல்லப் போகாதீங்க. சாப்பிடக் கூப்பிட்டா போங்க."

கூப்பிடவும் கூப்பிட்டார்கள், ஆனால் டீச்சர் நினைத்த சாப்பாட்டுக்கு அல்ல. சிந்து அழுத அழுகையில் பக்தவத்சலம் ஒரு படி இறங்கி, ஒரே ஒரு நிபந்தனை சொல்லி அனுப்பினார். மேரு யார்டில் வருஷா வருஷம் முனீஸ்வரனுக்குக் கிடா வெட்டு. அந்தம்மா வரட்டும். எங்கள் பாவத்தைப் பற்றி என்ன சொன்னாரோ அதை எங்கள் சாமி முன்னால் நின்று சொல்லட்டும். சாமி ஏற்றுக்கொண்டால் கல்யாணம். இல்லையென்றால் பெண் கிடையாது.

ஆறாம் மாடியில் இந்தச் செய்தி பரவிய வேகத்தை லிஃப்டுக்குக் கொடுத்தால் நன்றாயிருக்கும். டீச்சர் போகமாட்டார் என்று ஒரு கட்சி. போவார், ஆனால் யார்டு வாசலிலேயே நிற்பார் என்று இன்னொரு கட்சி. டீச்சர் இரண்டையும் பொய்யாக்கினார். "எனக்கு என்ன பயம்? நான் நம்புறது எனக்குத் தெரியும். காலையில ஒரு பலி, மத்தியானம் ஒரு பலி," என்று கீழ்வீட்டு உஷாராணியிடம் சொன்னாராம். பூசையைத் திருப்பலி என்று சொல்வது அவர்கள் வழக்கம்.

பயமில்லை என்பது உண்மைதான். ஆனாலும் கிளம்பும்போது கைப்பையின் பக்கப் பையில் ஒரு சின்னத் தண்ணீர்ப் பாட்டிலைச் செருகிக்கொண்டார். அன்று காலை பூசையில் பாதர் மந்திரித்துக் கொடுத்த தீர்த்தம். கடைகளில் விற்கும் தண்ணீர்ப் பாட்டில்தான், மேலே ஒட்டிய தாளைக்கூடக் கிழிக்கவில்லை. நம்பிக்கை இருக்கிறவர்கள் குடை எடுத்துப்போவதில்லையா என்ன.

யார்டில் லோரிகள் எல்லாம் கழுவி, சந்தனம் வைத்து, முகப்பில் வாழைக்கன்று கட்டி வரிசையாக நின்றன. மூலையில் வேப்பமரத்தடியில் தகரக் கொட்டகைக்குள் முனீஸ்வரன், பெரிய மீசையும் உருட்டிய கண்ணுமாக. முன்னால் சுருட்டு, பீர் பாட்டில், எலுமிச்சம்பழ மாலை. டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு, கும்பிடவும் இல்லாமல் முறைக்கவும் இல்லாமல், பக்கத்து ஊர்ப் பங்கின் திருவிழாவுக்கு வந்தவர்போல மரியாதையாகத் தள்ளி நின்றார். ராயப்பன் நிழல் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

கமலநாதன் என்ற டிரைவர் நாற்காலி கொண்டுவந்து போட்டான். கொஞ்சம் வாயாடி. "டீச்சர், உங்க பக்கமும் பலின்னுதான் சொல்லுவீங்களாம். அங்க எதை வெட்டுவீங்க?"

"வெட்ட வேண்டியது ஒரே தடவை முடிஞ்சிருச்சு தம்பி. எல்லாருக்குமா சேர்த்து ஒருத்தர் குடுத்துட்டாரு. நாங்க அதைத் தினம் நெனச்சுக் கும்பிடறோம்."

"அப்ப உங்க ஊர் ஆடுங்க குடுத்து வச்சதுங்க," என்றான். டீச்சர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்.

கிடா வந்தது. கறுகறுவென்று, கழுத்தில் சாமந்தி மாலை. வாங்கி வந்த நாளிலிருந்து லோகேஸ்வரிதான் அதற்குத் தீனி வைத்தவள். யார்டு ஆபீஸில் எந்த லோரி எங்கே போகிறது என்று பார்ப்பது அவள் வேலை. காலையில் டிரைவர்கள் மிச்சம் வைக்கும் ரொட்டி சானாய் எல்லாம் அதன் வயிற்றுக்குத்தான். அதன் நடையைப் பார்த்துவிட்டு டிரைவர்கள் அதற்கு "பாஸ்" என்று பெயர் வைத்திருந்தார்கள். வேறு யார் கயிற்றைப் பிடித்தாலும் பாஸ் நான்கு காலையும் ஊன்றிக்கொள்ளும். ஆகவே லோகேஸ்வரிதான் பிடித்துக்கொண்டு வந்தாள். பஞ்சவர்ணத்தின் முகம் அப்போதே ஒரு மாதிரி ஆனது.

பூசாரி கன்னையா மஞ்சள் தண்ணீரை அள்ளிக் கிடாவின் முதுகில் தெளித்தார். இங்கேதான் விஷயம். தண்ணீர் பட்டதும் கிடா உடம்பை ஒரு உலுக்கு உலுக்க வேண்டும். துலுக்குவது என்பார்கள். துலுக்கினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது, வெட்டலாம். துலுக்காவிட்டால் கத்தியை எடுக்கக்கூடாது.

பாஸ் துலுக்கவில்லை. மேருவில் அன்று அடித்த வெயிலுக்குத் தண்ணீர் சுகமாக இருந்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டது.

கன்னையா மறுபடி தெளித்தார். பிறகு சொம்போடு ஊற்றினார். உடுக்கை அடித்தார்கள். பாஸ் அசைபோட்டது. சமையல் கட்டில் வெங்காயம் அரிந்து, அடுப்பு மூட்டி, இறைச்சிக்காகக் காத்திருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன குத்தம் சாமி?" என்று பக்தவத்சலம் கையெடுத்தார். "தெரியாம செஞ்சிருந்தா பொறுத்துக்க."

கூட்டத்தில் பார்வைகள் டீச்சர் பக்கம் திரும்பின. வேறு வேதக்காரி வந்து நிற்கிறாள், துலுக்குமா? டீச்சர் இதை எதிர்பார்த்தே வந்திருந்தார். தாடையைத் தூக்கிக்கொண்டு, கேள்வி வரட்டும் என்று காத்திருந்தார். ஆனால் கேள்வி அவரிடம் வரவில்லை.

"வந்தவங்க மேல என்ன குத்தம்?" என்றார் பஞ்சவர்ணம். "வீட்டுக்குள்ள இருக்கறதை முதல்ல பாக்கணும். தாலி அறுத்தவ கையில சாமி கயிறு. யாரும் கேக்கக்கூடாது, கேட்டா நான் பொல்லாதவ. லோகா, கயித்தைக் கன்னையாகிட்டக் குடுத்துட்டு அந்தப் பக்கம் போய் நில்லும்மா. ஜென்மப் பாவம் கிட்டக்க நின்னா சாமி எப்படி எறங்கும்?"

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகவே சொன்னார். அதுதான் கேட்க முடியாமல் இருந்தது. டிரைவர்கள் தரையைப் பார்த்தார்கள். கமலநாதன் மட்டும் லோகேஸ்வரியைப் பார்த்தான்.

டீச்சர் பக்தவத்சலத்தைப் பார்த்தார். அன்று அந்த ஒரே வார்த்தைக்குத் தெருவே அதிரக் கத்தின மனுஷன், இன்று அதே வார்த்தை தன் அக்கா வாயிலிருந்து வந்தபோது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் துடைக்க எதுவும் இல்லை.

லோகேஸ்வரி கயிற்றை விரல் விரலாக விட ஆரம்பித்தாள்.

டீச்சருக்கு அப்போது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. கிள்ளான் வீட்டில் டீத் தட்டை நழுவ வைத்தது சண்டைச் சத்தம் அல்ல, அந்தச் சொல். இத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதிய சொல், இந்த ஊரில் ஒரே ஒரு ஆளைத் தேடிப்பிடித்து அவள் தலையில் மட்டும் ஏறி உட்காருகிற சொல்லாக இருக்கிறது. அப்படி உட்கார அதற்கு அனுமதி கொடுத்தது யார்? பாடத்தில் அப்படி இல்லையே. தம்முடைய பாடத்தை இன்னொருவர் தப்பாக நடத்தினால் டீச்சர் எந்த இடத்திலும் சும்மா இருந்ததில்லை. இது முனீஸ்வரன் கோயில் என்பதெல்லாம் அப்புறம்.

"லோகா, கயித்தை விடாத," என்றார். எழுந்து கிடாவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். "பஞ்சவர்ணம் அக்கா, அந்த வார்த்தையைப் பத்தி இந்த சாமி முன்னால பேசணும்னுதானே என்னைக் கூப்பிட்டீங்க? பேசிடறேன்."

"பேசுங்க. யாரு வேணாம்னா?"

"ஜென்மப் பாவம்னு ஒண்ணு இருக்கு. நான் இல்லைன்னு சொல்லப்போறதில்ல. ஆனா அது யாருக்கும் தனியாக் கிடையாது. எனக்கு இருக்கு. அதோ உக்காந்திருக்காரே, எங்க வீட்டுக்காரருக்கு இருக்கு. எங்க பாதருக்கு இருக்கு, போப்பாண்டவருக்கே இருக்கு. பூசாரி அண்ணனுக்கு இருக்கு. உங்க தம்பிக்கு இருக்கு, உங்களுக்கும் இருக்கு."

"எனக்கா?" என்றார் பஞ்சவர்ணம்.

"சந்தேகமே வேணாம்."

"நான் என்ன பாவம் பண்ணேன்?"

"இப்ப பண்ணிட்டு இருக்கீங்களே, அதுதான்."

கமலநாதன் சிரித்துவிட்டான். ஒரு டிரைவர் சிரித்தால் மற்ற டிரைவர்களும் சிரிப்பார்கள். யார்டு ஒழுங்கு அது. டீச்சர் வகுப்பை அடக்குவதுபோல் கையைக் காட்டினார்.

"தலையில தண்ணி ஊத்தினப்புறமும் மனுஷனாப் பொறந்த எல்லாருக்கும் ஒரே மாதிரி கோணல் மிச்சமிருக்கும். கெடைச்ச இடத்தில தன்னைத் தூக்கி வைக்கும், முடிஞ்சா அடுத்தவன் தலையில ஏத்திவிடும். அதுக்குத்தான் அந்தப் பேரு. எல்லாருக்கும் இருக்கறதனால யாரும் யாரையும் தள்ளி நில்லுன்னு சொல்ல முடியாது. ஒருத்தி தலையில மட்டும் ஏத்தினா அதுக்குப் பேரு ஜென்மப் பாவம் இல்ல. அநியாயம்." சற்று நிறுத்தி, சரியாகச் சொல்ல வேண்டுமே என்ற கவலையில் சேர்த்துக்கொண்டார். "மாதாவுக்கு இல்ல. அப்புறம் இந்த ஆட்டுக்கு இல்ல. இந்த யார்டில பாவமே இல்லாம நிக்கிறது இது ஒண்ணுதான். அதைத்தான் வெட்டப் போறோம்."

உடுக்கைக்காரர் உடுக்கையைக் கீழே வைத்தார்.

பக்தவத்சலம் தொண்டையைச் செருமினார். "அப்ப அன்னிக்கு எங்க பொண்ணை மட்டும் சொல்லலையா டீச்சர்?"

"உங்களையும் சேர்த்துத்தான் சொன்னேன்."

"உங்க பையனுக்கும் இருக்கா?"

"அவனுக்கு நிறையவே இருக்கு."

"அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே லா," என்றார் பக்தவத்சலம். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. தானும் பாவி என்று தெரிந்து இவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷனை டீச்சர் அதுவரை மறைக்கல்வி வகுப்பில்கூடப் பார்த்ததில்லை. பிறகு அவர் அந்த நிம்மதியோடு நிற்காமல், தன் அக்காவின் பக்கம் திரும்பினார். "அக்கா, அந்தப் பேச்சு இனிமே எங்க வீட்டில வேணாம். அன்னிக்கு இவங்ககிட்டக் கத்தினேன். கத்தியிருக்க வேண்டியது உங்ககிட்ட, ரொம்ப வருஷம் முன்னாடி. லோகா பையைக் கட்டி வாசல்ல வச்சாங்களே, அவங்ககிட்டயும்." மகளைப் பார்த்தார். "லோகா, கயித்தை நல்லாப் பிடி. நீதானே வளர்த்த."

லோகேஸ்வரி கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். கண்ணைத் துடைக்க ஒரு கை வேண்டியிருந்தது, அதனால் இடது கையால் பிடித்தாள்.

"அது சரி," என்றார் கன்னையா, வேலையில் குறியாக. "கிடா துலுக்கணுமே. மஞ்சத் தண்ணி தீந்துபோச்சு. யாராவது கொஞ்சம் தண்ணி குடுங்க."

டீச்சர் வெற்றியில் இருந்தார். பாடம் நன்றாக அமைந்த நாட்களில் அவருக்குக் கை தானாக வேலை செய்யும். பக்கத்தில் நின்ற லோகேஸ்வரி, "ஆன்டி, இதை எடுத்துக்கவா?" என்று கைப்பையில் செருகியிருந்த பாட்டிலைக் காட்டியபோது, "எடுத்துக்கம்மா," என்றார். லோகேஸ்வரி பாட்டிலை உருவி, மூடியைத் திருகி, பாஸின் நடுமுதுகில் முழுசாகக் கவிழ்த்தாள்.

பாஸ் துலுக்கியது. காது நுனியிலிருந்து வால் நுனிவரை, மாலை அறுந்து சாமந்தி நாலு பக்கமும் பறக்க, இதுவரை அந்த யார்டில் எந்தக் கிடாவும் துலுக்காத துலுக்கு. டீச்சரின் புடவையெல்லாம் தண்ணீர். உடுக்கை எழும்பியது, குலவை கேட்டது, கன்னையா கத்தியை எடுத்தார்.

காலி பாட்டிலை லோகேஸ்வரி திருப்பிக் கொடுத்தாள். டீச்சர் அதைப் பார்த்தார். மேலே ஒட்டிய தாளைப் பார்த்தார். நிழலிலிருந்து ராயப்பன் எழுந்து வந்தார். "பிலோமி, அது..."

"பேசாதீங்க," என்றார் டீச்சர்.

அன்று மத்தியானம் டீச்சர் கிடா கறி சாப்பிட்டாரா என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு இருக்கிறது. சாதமும் ரசமும் மட்டும்தான் என்று அவர் சொல்கிறார். ஒரு டப்பாவில் வீட்டுக்கும் கொண்டுபோனார் என்று யார்டில் சொல்கிறார்கள். ராயப்பன், "ம்," என்கிறார். ஆனால் அடுத்த சனிக்கிழமை டீச்சர் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனது பலருக்கும் தெரியும். உள்ளே சொன்னது வெளியே வரக்கூடாது என்பது சட்டம், வரவும் இல்லை. பாதர் சிரித்த சிரிப்பு மட்டும் வெளியே வந்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் கேட்டார்கள். தீர்த்தத்தைக் கிடாவுக்கு ஊற்றினதை வரிசையில் இருந்த யாரோ ராயப்பனிடமிருந்து கறந்துவிட்டார்கள். அதன்பிறகு ஆறாம் மாடி முழுக்க, பிரிக்பீல்ட்ஸ் முழுக்க, ஒரே பேச்சு: முனீஸ்வரன் உத்தரவு கொடுத்தாரா, மாதா கொடுத்தாளா? டீச்சர் மட்டும் அசரவில்லை. "தண்ணி சில்லுன்னு இருந்துச்சு. ஆடு உதறிச்சு," என்பதோடு முடித்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு மறைக்கல்வி வகுப்பில் அந்தப் பாடம் வரும்போது, சொல்லைப் பலகையில் எழுதிவிட்டு முதலில் அவர் சொல்வது, "இது ஒருத்தருக்கு மட்டும் இல்ல, எழுதிக்குங்க."

ஜெரோமுக்கும் சிந்துவுக்கும் பேசினபடியே காலையில் தாலி, மாலையில் மோதிரம். சுபாங் ஜெயாவில் வீடு வாங்கிப் போனார்கள். பிள்ளை பிறந்து ஞானஸ்நானத்துக்குத் தேவாலயத்துக்குத் தூக்கிவந்தபோது, பக்தவத்சலம் பட்டு வேட்டியில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பாதர் தண்ணீரைத் தலையில் ஊற்றியதும் குழந்தை உடம்பை உதறிச் சிலிர்த்தது. லோரி யார்டுத் தொண்டை எந்தக் கூரையையும் மதிப்பதில்லை. "துலுக்கிருச்சு," என்றார் பக்தவத்சலம் பரம திருப்தியாக. "உத்தரவு ஆயிருச்சு."

பஞ்சவர்ணம் அடுத்த தைக்கு முன்பே சுங்கைவேயில் மகன் வீட்டோடு போய்விட்டார். கிள்ளான் வீட்டில் படி அதிகம், முட்டி தாங்கவில்லை என்று காரணம். சுங்கைவே வீடு நாலாம் மாடி, லிஃப்ட் கிடையாது. லோகேஸ்வரி கமலநாதனைக் கட்டிக்கொண்டாள், பதிவு அலுவலகத்தில், மாலை மாற்றி, யாரையும் நாள் பார்க்கக் கேட்காமல். இருவரும் மேருவிலேயே யார்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறார்கள். அங்கே இப்போது வருஷா வருஷம் கிடா வெட்டு இல்லை, பொங்கல் மட்டும் என்று கேள்வி. ஆடு ஒன்று மட்டும் இருக்கிறது. லோகேஸ்வரி வளர்க்கிறாள். அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்கிறார்கள். டிரைவர்கள் "டீச்சர்" என்று கூப்பிடுவதாகச் சிலர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை.